சட்பரியில் பாறை ஏன் இன்னும் கறுப்பு? புகை காட்டுக்குள் எப்படி இறங்குகிறது?

நல்லூரான் (ஸ்காபரோ)

வணக்கம் எல்லோருக்கும். போன கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சட்பரிக்குப் போயிருந்தோம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், நாலு மணித்தியால ஓட்டம். மச்சான் வேலை மாறி அங்கே போய் ஒரு வருசமாகிறது, வா வா என்று கரைச்சல் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. ஏறிப் பார்த்தால் பைன், பேர்ச், அதன் அடியில் முழங்காலுக்கும் குறைவான உயரத்தில் புளூபெரிச் செடிகள். பிள்ளைகள் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பறித்துவிட்டார்கள். ஆனால் மரத்துக்கு இடையில் தெரிகிற பாறை முழுக்கக் கறுப்பு. விறகடுப்பு எரிந்த குசினிச் சுவர் மாதிரி. சின்னவள் கையால் தேய்த்துப் பார்த்தாள், கையில் ஒரு துளியும் ஒட்டவில்லை. பக்கத்தில் உடைந்து கிடந்த துண்டைத் திருப்பினால் உள்ளே நல்ல வெளிர் சாம்பல் நிறம், கறுப்பு மேலே ஒரு தோல் மாதிரித்தான் இருக்கிறது.

மச்சானைக் கேட்டால் "நிக்கல் உருக்காலைப் புகை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். எனக்கு விளங்காதது இதுதான்: புகை என்றால் காற்றோடு போய்விடாதா? காட்டுக்குள் எப்படி இறங்கியது, மழையோடு மட்டுமா? மரம் இப்போது திரும்ப வந்துவிட்டது என்றால் அன்றைக்கு விழுந்ததெல்லாம் எங்கே போனது? முக்கியமான கேள்வி, அந்தப் புளூபெரி எங்கள் ஃப்ரீசரில் கிடக்கிறது. மனைவி கொட்டச் சொல்கிறாள், பிள்ளைகள் அழுகிறார்கள்.

மண்வெட்டி (சட்பரி)

அண்ணா, பெரியைக் கொட்டிவிடாதீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் இங்கே பதினோரு வருஷமாக இருக்கிறேன், வேலையே சோதனைக்கு மண் மாதிரிகளைச் சேகரிப்பதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் தேய்த்துப் பார்த்தது சரியான சோதனை. ஒட்டினால் அது கரி. இங்கே இருப்பது வெறும் கரி இல்லை. இந்த ஊர் செம்பும் நிக்கலும் கந்தகத்தோடு பிணைந்துதான் பூமிக்கடியில் கிடக்கின்றன. கந்தகத்தைப் பிரிக்க 1888-லிருந்து 1929 வரைக்கும் செய்த வேலை என்ன தெரியுமா? வெட்டிய மரத்தைத் திறந்தவெளியில் அடுக்கி, அதன் மேல் தாதுவை மலை மாதிரிக் குவித்து, தீயை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புகைபோக்கி என்று எதுவும் கிடையாது. விறகு தீர்ந்த பிறகும் தாதுவில் இருக்கும் கந்தகமே எரிபொருளாகி மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகை மேலே போகவே இல்லை, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கியது. விறகுக்காகவும் தண்டவாளக் கட்டைக்காகவும் கொஞ்சம் காடு போனது, மிச்சத்தைப் புகை பார்த்துக்கொண்டது.

கந்தகம் எரிந்தால் வரும் வாயுதான் கந்தக டை ஆக்சைடு, அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அது பாறையின் மேல்பரப்பை அரிக்கும், பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா மறுபடி மெல்லிய பசை மாதிரிப் படியும், அந்தப் பசை இறுகுவதற்குள் மேலே விழுந்த உலோகத் தூசியும் புகைக்கரியும் அதற்குள் மாட்டிக்கொண்டன. வார்னிஷ் காய்வதற்கு முன் தூசி விழுந்தால் என்ன ஆகும், அதுதான். ஆகவே அந்தக் கறுப்புத் தோலில் பழைய ஆலைத் துகள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மழை எத்தனை பெய்தாலும் கழுவாது.

இனி "புகை காற்றோடு போய்விடாதா" என்ற கேள்வி. புகை என்பது ஒரே பொருள் இல்லை. பெரிய துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் பருமன் உள்ளது, தன் எடையாலேயே விழுந்துவிடும், அதனால் ஆலைக்குப் பக்கத்திலேயே குவியும். இங்கே உருக்காலையை ஒட்டிய இடங்களில் மேல்மண்ணில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருந்திருக்கிறது, தூரம் போகப் போகச் சடசடவென்று குறையும். அதைவிடப் பத்து மடங்கு நுண்ணிய துகளுக்கு எடையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நாள்கணக்கில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் எங்கோ ஒரு மழையில் இறங்கும். வாயு இந்த இரண்டு மாதிரியும் இல்லை, அது இலையையோ ஈரத்தையோ தொட்ட இடத்தில் பிடிபடும்.

ஆலை ஒன்றல்ல, காப்பர் கிளிஃப், கோனிஸ்டன், ஃபால்கன்பிரிட்ஜ் என்று மூன்று. 1960-களில் மொத்தமாக ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்சைடு வெளியே போனது. மொட்டையான நிலம் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர், அதைச் சுற்றி அரை மொட்டை இன்னொரு 80,000.

நிலா மாதிரி இருந்ததால்தான் அப்போலோ விண்வெளி வீரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள் என்று உங்கள் மச்சான் கட்டாயம் சொல்லியிருப்பார். வந்தது உண்மை, 1971-லும் 72-லும். ஆனால் காரணம் மொட்டைப் பாறை இல்லை. சுமார் 185 கோடி வருஷத்துக்கு முன் இங்கே ஒரு விண்கல் மோதியது, அந்த அடியில் உருவான பாறை வடிவங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள். இந்தக் கதையை மாதம் ஒருவருக்காவது திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்பாசி

மண்வெட்டி விழுந்ததைச் சொல்லிவிட்டார், காடு அதைப் பிடித்த கதையை நான் சொல்கிறேன்.

மழையோடு மட்டும் இல்லை அண்ணா. மழை பெய்யாத நாளிலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். புல்வெளி மேல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். காட்டின் தலை மேடும் பள்ளமுமாக இருப்பதால் காற்று அதில் இடறிச் சுழன்று உள்ளே இறங்கும், ஒவ்வொரு இலையும் ஊசியும் அதைச் சீப்பு மாதிரி வாரி எடுக்கும். பைன், ஸ்ப்ரூஸ் வகைகளில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் ஊசியிலைகள் மெல்லியவை, எண்ணிக்கையும் கூட, குளிர்காலத்திலும் உதிராமல் நின்று பிடித்துக்கொண்டே இருக்கும். காட்டின் ஓரத்தில் காற்றை முதலில் வாங்குகிற வரிசை மரங்களுக்குத்தான் அடி அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். மூடுபனி இருந்தால் கேட்கவே வேண்டாம், பனித்துளியில் மழைத்துளியை விட அழுக்கு அடர்த்தியாக இருக்கும், அது இலையில் நேராக ஒட்டிச் சொட்டும்.

நம்ப முடியாவிட்டால் ஒரு வாளியை வெட்டவெளியிலும் இன்னொன்றை மரத்தடியிலும் வைத்து, மழை விட்டதும் இரண்டையும் சோதிக்கலாம். ஜெர்மனியில் சோலிங் என்ற மலைக்காட்டில் 1960-களின் கடைசியிலிருந்து வருஷக்கணக்காக இதைச் செய்தார்கள். வெட்டவெளியில் விழுந்த கந்தகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பீச் மரக் காட்டின் அடியில், ஸ்ப்ரூஸ் காட்டின் அடியில் மூன்று மடங்குக்கும் மேல். வானம் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். கூடுதலாக வந்ததெல்லாம் உலர்ந்த நாள்களில் மரம் வாரி வைத்திருந்தது, மழை வந்ததும் கழுவி வேருக்கே ஊற்றிவிடுகிறது.

கந்தக டை ஆக்சைடை இலை மூச்சோடும் இழுக்கும். இலைத்துளை வழியாகக் கரியமில வாயு போகிற அதே வாசலில் இதுவும் நுழைந்து உள்ளே ஈரத்தில் கரைந்துவிடும். இலை நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் வெளுத்துப் பழுப்பாகும்.

என் புனைபெயர் ஏன் கல்பாசி என்று போன முறை யாரோ கேட்டார்கள். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிறோமே, கறுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் பூ மாதிரிச் சாமான், அதேதான். அது பூவும் இல்லை, பாசியும் இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் லைக்கன். அதற்கு வேர் கிடையாது, தோலில் மெழுகும் கிடையாது, சாப்பாடு முழுக்கக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். நல்லதை உறிஞ்சுகிற அதே வழியில் கெட்டதையும் உறிஞ்சும், வெளியே தள்ள வழி இல்லை. அதனால்தான் மரம் வாடுவதற்கு முன்பே இது போய்விடும். சட்பரியைச் சுற்றி 1960-களிலேயே மரம் மரமாகப் பார்த்து, உருக்காலையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு மரத்தண்டில் லைக்கனே இல்லை என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை போனால் பாறையை விடுங்கள், பேர்ச் மரத்தண்டைப் பாருங்கள். சாம்பல் பச்சையில் தேமல் மாதிரித் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் காற்று தேறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏழரை

எல்லாம் பழங்கதை. 1972-ல் அவ்வளவு பெரிய புகைபோக்கியைக் கட்டினார்கள், ஊர் பச்சையாகிவிட்டது, பிரச்சினை முடிந்தது. சும்மா சும்மா ஆலையைத் திட்டுவதே சிலருக்குப் பொழுதுபோக்கு. அந்த ஆலை இல்லை என்றால் அந்த ஊரே இல்லை.

மண்வெட்டி (சட்பரி)

ஏழரை அண்ணே, கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன், என் தெருவில் பாதிப் பேர் சுரங்கத்துக்காரர்கள். ஆனால் புகைபோக்கி கதை நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை.

381 மீட்டர் உயரம். கட்டிய காலத்தில் உலகத்திலேயே பெரிய புகைபோக்கி அது. அதனால் ஊருக்குள் காற்று சுத்தமானது, உண்மை. எப்படி? புகையை மேலே கொண்டுபோய் விட்டால் தரைக்கு இறங்குவதற்குள் வெகுதூரம் போய்விடும். வீட்டுக் குப்பையை வாசலுக்குப் பதில் அடுத்த தெருவில் கொட்டுகிற வேலை. இந்த வட்டாரத்தில் சட்பரிப் புகையால் அமிலமான ஏரிகள் ஏறத்தாழ 7,000 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், அதில் பலவற்றின் கரையில் ஆலையின் நிழல்கூட விழாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், பார்க்க அழகு, உள்ளே மீன் இருக்காது.

உண்மையில் குறைந்தது வேறு காரணங்களால். அதே 1972-ல் கோனிஸ்டன் ஆலையை மூடினார்கள். அப்புறம் தாதுவிலிருந்து கந்தகம் அதிகமான பகுதியை உருக்குவதற்கு முன்பே பிரித்து ஒதுக்கினார்கள், வெளியே போகும் வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்றார்கள். 1985-ல் ஒண்டாரியோ அரசு 1994-க்குள் இவ்வளவுதான் விடலாம் என்று உச்சவரம்பு போட்டதும் ஆலைக்கு வேறு வழி இல்லாமல் போனது. இன்றைக்கு அந்தப் பெரிய புகைபோக்கிக்கே வேலை இல்லை, 2020-ல் நிறுத்திவிட்டார்கள். வெளியே விடச் சரக்கு இல்லை என்றால் அவ்வளவு உயரம் எதற்கு?

பச்சையானதும் தானாக இல்லை. 1978-ல் சுரங்கத்தில் ஆள்குறைப்பு நடந்து ஊரில் வேலை இல்லாத நேரம். கல்லூரிப் பிள்ளைகளைக் கோடையில் கூலிக்கு வைத்து, சுண்ணாம்புக்கல் பொடி மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிக் குன்றின் மேல் ஏற்றி, ஹெக்டேருக்கு 10 டன் கணக்கில் கையாலேயே தூவச் சொன்னார்கள். லாரி ஏறாத பாறைச் சரிவு. எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர் அதில் வேலை பார்த்தவர், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீரை ஊற்றித்தான் உள்ளே விடுவாராம், அவ்வளவு வெள்ளையாக இருப்பாராம். அதன் மேல் உரமும் புல் விதையும் போட்டார்கள், பேர்ச்சும் பாப்லரும் தாமே முளைத்தன, பைன் கன்றை ஆள் வைத்து நட்டார்கள். 2022-ல் ஒரு கோடியாவது கன்று நடப்பட்டது. இப்போது நல்ல காட்டிலிருந்து தரைப்பாயைச் சுருட்டி எடுக்கிற மாதிரி மண்ணும் செடியும் சேர்ந்த மேல்தளத்தையே வெட்டிக்கொண்டுவந்து இங்கே பதிக்கிறார்கள், மரத்தை நட்டால் மட்டும் அடிக்காடு வந்துவிடாது என்று தெரிந்துபோனதால்.

நல்லூரான் அண்ணா, விழுந்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டீர்கள். பெரும்பகுதி எங்கேயும் போகவில்லை. மொட்டைக் குன்றிலிருந்து மண்ணோடு சேர்ந்து அரித்துப்போய்ப் பள்ளத்திலும் ஏரிச் சேற்றிலும் கொஞ்சம் கிடக்கிறது. மிச்சம் மண்ணின் மேல் அஞ்சு பத்து சென்டிமீட்டரில், மட்கோடு பிணைந்து நிற்கிறது. கந்தக அமிலம் மண்ணில் இருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது, அமிலத்தைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) நாலுக்கும் கீழே போனால் மண்ணில் சும்மா கிடந்த அலுமினியமே கரைந்து வந்து வேர்நுனியைக் கருக்கும், நிக்கலும் செம்பும் கரைந்து கூடச் சேரும். சுண்ணாம்பு அமிலத்தை முறித்ததும் இந்த உலோகங்கள் கரையாத நிலைக்குப் போய்விடுகின்றன. ஒழித்துக்கட்டவில்லை, கட்டிப் போட்டிருக்கிறோம். நாயைச் சங்கிலியில் கட்டின மாதிரி.

கல்பாசி

ஒரு சின்னச் சேர்க்கை. உலோகம் அதிகமான இடத்தில் சருகு மட்காது. சருகைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்புழுவும் அங்கே பிழைக்க முடியாது. சருகு மேல் சருகாக ஏறி, அதிலேயே மேலும் உலோகம் படிந்து, ஒரு விஷ மெத்தை உருவாகும். விதை விழுந்தால் அந்த மெத்தையில்தான் முளைக்க வேண்டும், முளைவேர் இறங்குவதற்குள் கருகிவிடும். பெரிய மரம் நிற்கும்போதே காடு செத்துக்கொண்டிருப்பது இப்படித்தான், வெளியிலிருந்து பார்த்தால் இருபது வருஷத்துக்குத் தெரியாது.

சோலைக்காடு (கொடைக்கானல்)

இங்கே எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், மூடுபனி என்றதும் எழுதிவிட்டேன். எங்கள் ஊர் தெர்மாமீட்டர் ஆலை கதை எல்லோருக்கும் தெரியும், பாதரசக் கழிவு வெளியே வந்த பிரச்சினையில் 2001-ல் மூடியது. ஆலையின் மதில் முடிகிற இடத்தில் பாம்பாறு சோலை தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் குப்பையில் போட்ட உடைந்த கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், காற்றில் போனதைப் பற்றிப் பேச்சு குறைவு. பாதரசம் புகை விட வேண்டியதே இல்லை, அறை வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்துக்காரர்கள் அந்தப் பக்கத்து மரங்களிலிருந்து லைக்கனையும் பாசியையும் எடுத்துச் சோதித்துத்தான் அது காற்று வழியாகப் பரவியதைக் காட்டினார்கள். கல்பாசி சொல்கிற அதே வித்தை.

எனக்கு ஒரு சந்தேகம். நிக்கல் தூசி இலை மேல் ஒட்டுகிறது, மழை கழுவுகிறது, சரி. ஆவியாக இருக்கிற பாதரசம் எப்படி மண்ணுக்கு வரும்?

கல்பாசி

நல்ல கேள்வி. அங்கே பெரிய வேலையைச் செய்வது மழை இல்லை, உதிர்கிற இலை. பாதரச ஆவியை இலை மூச்சோடு இழுத்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், துளிர்த்த நாளிலிருந்து உதிரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். அதனால் முற்றின இலையில் கொழுந்தை விட அதிகம். இலை உதிரும்போது மொத்தமும் தரைக்கு வந்து மட்கில் தங்கும். தரையிலிருந்து கொஞ்சம் மறுபடி ஆவியாகி மேலே போகும், திரும்ப இலையில் மாட்டும். நிக்கலை மாதிரிச் சுண்ணாம்பு போட்டுக் கட்டிவைக்கிற பேச்சே இதில் இல்லை. அதிலும் மண்ணோடு அரித்துப் போய் நீர்நிலைச் சேற்றில் சேர்ந்தால் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும், மீனில் ஏறுவது அந்த வடிவம்தான். சோலையில் வருஷம் முழுக்க இலை இருக்கிறது, பாசி மரத்துக்கு மரம் போர்வை மாதிரி இருக்கிறது, பனி வேறு. பிடிப்பதற்கு அதை விடத் தோதான காடு கிடையாது, துரதிருஷ்டம்.

நல்லூரான் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் கனக்க நன்றி. மச்சானுக்கு இணைப்பை அனுப்பினேன், அப்போலோ கதையை அவன் உண்மையாகவே சொல்லியிருந்தான், இப்போது பேச்சு மூச்சு இல்லை. ஆனால் மண்வெட்டி தம்பி, பெரிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லையே.

மண்வெட்டி (சட்பரி)

அட ஆமாம், மன்னிக்கணும்.

புளூபெரி அங்கே காய்ப்பது தற்செயல் இல்லை. அதற்கு அமில மண்தான் பிடிக்கும். மற்றச் செடி எல்லாம் போன பிறகு வெயிலும் இடமும் முழுக்க அதற்கே கிடைத்தது, அதனால்தான் அரை மொட்டைக் குன்றுகளில் அவ்வளவு காய்ப்பு. ஊரில் ஜூலையில் புளூபெரித் திருவிழாவே நடக்கிறது, நாங்களும் பறிக்கிறோம்.

2001-ல் இங்கே பெரிய மண் ஆய்வு ஒன்று தொடங்கியது. ஆர்சனிக், கோபால்ட், செம்பு, ஈயம், நிக்கல், செலினியம் ஆறையும் பார்த்தார்கள், மண்ணோடு நிற்காமல் வீட்டுத் தோட்டத்துக் காய்களையும் காட்டுப் பெரியையும் சோதித்தார்கள். 2008-ல் மக்கள் உடல்நலம் பற்றிய பகுதி வந்தது. பெரி சாப்பிடாதே என்று அதில் இல்லை, சில இடத்து மண்ணில் உள்ள ஈயமும் ஆலைப் பக்கத்துக் காற்றில் நிக்கலும்தான் கவனிக்க வேண்டியவை என்றார்கள். செடி வேர் வழியாகப் பழத்துக்கு ஏற்றுவது கொஞ்சம்தான். கவலைப்பட வேண்டியது பழத்தின் மேல் ஒட்டிய மண்தூசி, அதுவும் சின்னப் பிள்ளைகள் குன்றில் உட்கார்ந்து மண் கையோடு வாயில் போடுவது. ஃப்ரீசரில் இருப்பதை வடிதட்டில் கொட்டி இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள், போதும். என் வீட்டில் ஆலையின் வேலி ஓரமாகப் பறிக்க மாட்டோம், காளான் எடுக்கவே மாட்டோம், காளான் உலோகத்தை நன்றாக உறிஞ்சும்.

அந்த உடைந்த கல்துண்டைக் கொண்டுவந்தீர்களா?

நல்லூரான் (ஸ்காபரோ)

சின்னவளின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சாம்பல், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். நக்கிப் பார்க்காதே என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெரியை அலசியாயிற்று. முதல் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் வந்தது, மூன்றாவதில் தெளிந்துவிட்டது. மனைவி அதைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தாள்.